பின் அச்சுக்கு ஒரு பூட்டு

என் ஜீப்பின் பின் அச்சுக்கு லாக் போட்டாக வேண்டும் என்று நான் முடிவெடுத்தது, கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஓர் ஓடையில் முழங்காலளவு சேற்றில் நின்றுகொண்டு. ஐப்பசி மாதம். அன்றைக்கு வந்த கோபமும், அதற்குப் பிறகு அடுத்தடுத்து வந்த கோபங்களும் இன்னும் முழுதாக அடங்கவில்லை. யாரிடமும் கொட்டித் தீர்க்காததால்தானோ என்னவோ. எழுதிப் பார்க்கிறேன்.

நான் மாட்டு டாக்டர். சான்றிதழில் கால்நடை மருத்துவர் என்று இருக்கிறது. கிராமங்களில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அரசு வேலை கிடையாது, தனியாகத்தான் பார்க்கிறேன். வேங்கிக்காலில் வீடு. வாரத்தில் நாலைந்து நாள் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்கள், ஒரு நாள் போளூர் வழியாக ஜவ்வாது மலை. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் வண்டியை நகர்த்த முடியாது என்பதால் முதல் நாளே பைபாஸில் தெரிந்தவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். அப்படியொரு ஓட்டம். அந்த ஓட்டத்துக்காகத்தான் எட்டு வருஷத்துக்கு முன்பு பழைய ஜீப் ஒன்றை வாங்கினேன். நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. என் சம்பாத்தியம், என் பேரில் பதிவு.

அன்று காலை ஏழு மணிக்கு ஒரு பெண்மணி போன் செய்தார். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். தலைச்சன் கன்று போடும் கிடேரி, விடிந்ததிலிருந்து முக்குகிறது.

"ரெண்டு காலு வெளிய தெரியுதும்மா. தலை வரல."

தலை பின்பக்கமாக மடங்கியிருக்கிறது என்று கேட்டதுமே புரிந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் கிளம்பினேன். அவர் வீட்டுக்குப் போக ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். தரைப்பாலத்தை ஐப்பசி மழை அரித்துவிட்டிருந்தது. தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இல்லை, போய்விடலாம் என்று இறக்கினேன். முன்பக்க இடது சக்கரம் ஒரு குழியில் விழுந்தது. அதே நேரத்தில் பின்பக்க வலது சக்கரம் மேலே தூக்கிக்கொண்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அந்த இரண்டு சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றின. மற்ற இரண்டும் அசையவில்லை.

இறங்கிப் பார்த்தேன். பின்பக்க இடது சக்கரம் நல்ல சரளைக் கல்மேல் நின்றது. அது ஒரே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் வண்டி வெளியே வந்திருக்கும். எஞ்சினில் சக்தி இருக்கிறது, பிடிப்புள்ள சக்கரம் இருக்கிறது, ஆனால் அதற்கு மட்டும் சக்தி போகவில்லை. அந்தரத்தில் சுற்றுகிற சக்கரத்துக்கே எல்லாம் போய்க்கொண்டிருந்தது. அந்த டயரை உதைத்தேன். கல் வைத்தேன், ஜாக்கி வைத்துத் தூக்கினேன், வேலிகாத்தான் கிளைகளை வெட்டிப் போட்டு முள் குத்திக்கொண்டேன். மருந்தும் கருவிகளும் சுமந்து நடக்க முடியாத தூரத்தில் ஒரு மாடு செத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றேகால் மணி நேரம் போய்விட்டது.

கடைசியில் ஒருவர் டிராக்டரில் வந்தார். கயிறு கட்டி இரண்டு நிமிஷத்தில் இழுத்துப் போட்டுவிட்டு, என் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா, உங்க வண்டில லாக் இல்லியா? எங்க டிராக்டர்ல குதிகாலுக்குக் கீழ ஒரு பெடல் கீது. ஒரு சக்கரம் சும்மா சுத்துனா அத மிதிச்சா போதும், ரெண்டும் சேந்து சுத்தும்."

எட்டு வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறேன். உழவு ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியவில்லை என்பது அப்போது சுருக்கென்று தைத்தது.

நான் போனபோது கன்று உள்ளேயே செத்திருந்தது. மாடு படுத்துவிட்டது. கன்றை வெளியே எடுத்தேன், குளுக்கோஸ் ஏற்றினேன், மதியம் வரை பக்கத்திலேயே இருந்தேன். இரண்டு மணி வாக்கில் மாடும் போய்விட்டது. அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே, "இவ்ளோ சேத்துல வந்தீங்களே, அதுவே பெரிசும்மா," என்றார். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறியபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் இங்கே ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஜீப்பை எடுத்துக்கொண்டு தன் கூட்டாளிகள் ஆறேழு பேரோடு வற்றிய ஏரிக்கும் பாறைச் சரிவுக்கும் போய் ஏற்றி இறக்கி விளையாடுவார். அவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் உண்டு. நான் அதற்கு ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. டீசல் போட்டு, கழுவி, திங்கட்கிழமை காலையில் திருப்பித் தந்துவிடுவார்.

"லாக்கர் போடணும்னு நானும் ரொம்ப நாளா நெனச்சுட்டு இருக்கேன்," என்றார். கண் பளிச்சென்று ஆகிவிட்டது. "நான் பாத்துக்கறேன், விடு."

"வேணாம். நானே பாக்கறேன்," என்றேன்.

மூன்று வாரம் பார்த்தேன். பழைய டயரி ஒன்றில் குறிப்பு எடுத்தேன். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதனால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றட்டும் என்று அச்சின் நடுவில் வைத்திருக்கிற பல்சக்கரங்கள்தான் டிஃபரன்ஷியல். தார் ரோட்டில் அது இல்லாமல் முடியாது. சேற்றில் அதுவே எமன். எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதையே சுற்றவிட்டு மற்றதை நிறுத்திவிடும். லாக் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றியே தீர வேண்டும். அதில் பல வகை. தகடுகள் உரசிப் பாதி பிடிக்கிற ஒன்று உண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. ஆட்டோ லாக்கர் என்று ஒன்று. ஸ்விட்ச் கிடையாது, எஞ்சின் இழுக்கும்போது தானாகப் பிடிக்கும், திரும்பும்போது தானாக விட வேண்டும். இன்னொன்று, வேண்டும்போது மட்டும் நாமே ஸ்விட்ச் போட்டுப் பூட்டுவது. அது கம்ப்ரசர் அடிக்கிற காற்றில் வேலை செய்வதாகவும் கிடைக்கும், மின்சாரத்தில் வேலை செய்வதாகவும் கிடைக்கும்.

சென்னையில் ஒரு கடைக்கு போன் செய்தேன். என் வண்டி, அச்சு, டயர் அளவு எல்லாம் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், சார்கிட்ட போனைக் குடுங்களேன்," என்றார்.

"எந்த சார்?"

"வண்டி ஓட்ற சார்."

வண்டி ஓட்டுவது நான்தான் என்றேன். சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, நான் ஏதோ தமாஷ் சொன்னது போல ஒரு சிரிப்பு. போனை வைத்துவிட்டேன்.

டயரியில் ஆட்டோ லாக்கரை அடித்துவிட்டு, பக்கத்தில் காரணம் எழுதினேன்: தார் ரோடு ஜாஸ்தி, மலை, மழை, வண்டி நீளம் கம்மி. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீல மையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த டயரியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, மூன்று நாள் ஒரு பயிற்சிக்காக வெளியூர் போனேன்.

திரும்பி வந்தபோது ஜீப் கழுவி, டயருக்குக்கூடப் பளபளப்பு பூசி, வாசலில் நின்றது. இவர் கேட்டைத் திறந்துகொண்டு சிரித்தபடி வந்தார்.

"ஆயில் மாத்த விட்டிருக்கேன்னு சொன்னேன்ல? ஆயில் இல்ல. லாக்கர் போட்டாச்சு. உனக்கு சர்ப்ரைஸ்."

"என்ன லாக்கர்?"

"ஆட்டோ. ஸ்விட்ச் கிடையாது, கம்ப்ரசர் கிடையாது, ஒயர் கிடையாது. நீ ஒண்ணுமே பண்ண வேணாம். தானா பிடிக்கும், தானா விட்டுடும்."

"என் டயரிய பாத்தீங்களா?"

"நீ என்னவோ எழுதிட்டேதான் இருந்தே. எப்ப முடிவு பண்றது. குரூப்ல எல்லாரும் இதான் பெஸ்ட்டுனாங்க."

பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றேன். சர்ப்ரைஸ் என்று ஒருவர் ஆசையாகச் சொன்ன பிறகு கோபப்பட்டால் நாம்தான் நன்றிகெட்டவர்கள். அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன். "நல்லா இருக்கில்ல?" என்று கேட்டார். "குளிச்சுட்டு வரேன்," என்று உள்ளே போனேன். ஃபிரிட்ஜ் மேல் டயரி நான் வைத்த இடத்திலேயே, மேலே கரண்ட் பில்லோடு கிடந்தது.

சேற்றில் அந்த லாக்கர் நன்றாகத்தான் வேலை செய்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. வயல் வரப்பிலும் வாய்க்காலிலும் வண்டி முன்னைப்போல மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஊருக்குள் ஒவ்வொரு முனையிலும் திரும்பும்போது பின்னால் டக், டக் என்று யாரோ சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் வந்தது. டயர் தரையில் தேய்ந்து கீச்சிட்டது. செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கத்துக் காபிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. பழகினால் சரியாகிவிடும் என்றார் இவர்.

இரண்டு வாரம் கழித்து மலையில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி. பிசுபிசுவென்று தூறல். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் கியரைக் குறைத்து ஸ்டியரிங்கை ஒடித்தேன். பின்னால் டக் என்று ஓர் அடி. இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வண்டியை நேராகத் தள்ளின. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தாயிற்று, வண்டி திரும்பவில்லை. பிரேக்கைத் தொட எனக்குத் துணிச்சல் வரவில்லை. தொட்டிருந்தால் பின்பக்கம் சுழன்றிருக்கும். தடுப்புச் சுவரில் முன் பம்பர் மோதி நின்றது. ஒரு ஹெட்லைட் நொறுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலைகள் தெரிந்தன.

கீழே இருந்து ஏறி வந்த பஸ் எனக்காக நின்றது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏம்மா, ஓட்டத் தெரியலன்னா மலைக்கு இன்னாத்துக்கு வண்டிய எடுத்துனு வர்றீங்க?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எட்டு வருஷமாக வாரம் தவறாமல் அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு கீறல் கிடையாது. அதையெல்லாம் நடுரோட்டில் நின்று ஒரு பஸ்ஸிடம் சொல்ல முடியுமா? ரிவர்ஸ் எடுத்து வழி விட்டேன். அதன் பிறகு ஓரமாக நிறுத்திவிட்டு, பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். தடுப்பூசிப் பெட்டி கவிழ்ந்து, ஐஸ் எல்லாம் சீட்டுக்கு அடியில் உருகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் முதலில் ஹெட்லைட்டைத்தான் பார்த்தார்.

"பிரேக்க மிதிச்சிருப்ப."

"மிதிக்கல."

"அப்ப ஸ்டியரிங்க லேட்டா ஒடிச்சிருப்ப. இந்த லாக்கருக்குக் கொஞ்சம் கை பழகணும்."

நான் கத்தவில்லை. கத்தினால் அது புருஷன் பெண்டாட்டிச் சண்டையாகி, இரண்டு நாளில் சமாதானமாகி, லாக்கர் வண்டியிலேயே இருந்துவிடும்.

"ஞாயித்துக்கிழமை நீங்க ஓட்டுங்க," என்றேன். "அதே வளைவு. நான் பக்கத்துல உக்காந்துட்டு வரேன்."

சிரித்தார். ஒப்புக்கொண்டார்.

ஞாயிறும் தூறியது. போளூர் வரை பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கத் தொடங்கியதும் பின்னால் தட்டியது. "இது நார்மல் சவுண்டு," என்றார். அடுத்த வளைவிலும் தட்டியது. பாட்டை நிறுத்தினார். நான் மோதிய வளைவுக்கு இன்னும் இரண்டு வளைவு இருந்தபோதே வண்டியின் பின்பக்கம் வழுக்கி ஒதுங்கியது. இவர் சமாளிக்கப் பார்த்தார். வண்டி ரோட்டின் தவறான பக்கத்துக்குப் போய்க் குறுக்காக நின்றது. எதிரே வண்டி வராதது எங்கள் அதிர்ஷ்டம். எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"ரோடு வழுக்குது," என்றார்.

"ஆமா. வாரா வாரம் நான் வர்ற ரோடு இது."

ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார்.

"நான் பிரேக்க மிதிச்சேனா இல்லியான்னு இப்பவாவது தெரிஞ்சுதா?"

"சரி, எடுத்துடலாம்," என்றார். தப்பு என் பேரில் என்று சொல்லவில்லை. உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்றும் சொல்லவில்லை. எடுத்துடலாம், அவ்வளவுதான். சண்டையில் பாதி விட்டுக்கொடுத்துவிட்ட ஒருவர் போல.

"இறங்குங்க. மீதிய நான் ஓட்டறேன்."

இடம் மாறினோம். முதல் கியரிலேயே, நடக்கிற வேகத்தில் இறக்கினேன். இவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார். போளூரில் "டீ குடிக்கலாமா?" என்று கேட்டார். எனக்கும் தொண்டை வறண்டுதான் இருந்தது. வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலையில் மெக்கானிக்கிடம் போனேன். அவலூர்பேட்டை ரோட்டில் ஒர்க்‌ஷாப். அவரும் என் வயதுதான். அவருடைய அப்பாவும் சித்தப்பாக்களும் இதே ஊரில் இதே தொழில் செய்தவர்கள். வாங்கின நாளிலிருந்து என் வண்டியை அவர்தான் பார்க்கிறார். நடந்ததைச் சொன்னேன். கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நெனச்சேன்," என்றார்.

"என்ன நெனச்சீங்க?"

அவர் சொல்லத் தயங்கினார். விடாமல் கேட்டதும் சொன்னார்.

"சார் மொதல்ல என்னாண்டதான் கொண்டாந்தாரு. ஆட்டோ லாக்கரு, பின்னால போடுங்கன்னாரு. மலைக்குப் போற வண்டியாச்சே சார், டாக்டரம்மா என்ன சொன்னாங்கனு கேட்டேன். அவங்களுக்கு சர்ப்ரைஸ்னாரு. நான் மாட்டலன்னுட்டேன். வேலூர்ல போட்டாருன்னு அப்புறம் கேள்விப்பட்டேன்."

கணவர்மேல் இருந்த கோபம் அப்படியே இந்த மெக்கானிக்மேல் திரும்பியது.

"என் நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"அப்ப ஏன் ஒரு போன் பண்ணல?"

"வீட்டு விஷயம்னு விட்டுட்டேன்மா. நான் நடுவுல பூந்து எதாவது சொன்னா…"

"இது வீட்டு விஷயம் இல்லீங்க. ஆக்ஸில் விஷயம். நான் அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தா அப்பவும் வீட்டு விஷயம்னு சொல்லியிருப்பீங்களா?"

ஒர்க்‌ஷாப்பே கேட்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சமாளிக்கவில்லை, காரணம் சொல்லவில்லை.

"தப்புதாம்மா," என்றார். "பண்ணியிருக்கணும்."

அந்த ஒன்றரை மாதத்தில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். எனக்கு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சரி, வேலையப் பேசுவோம்," என்றேன். டயரியைத் திறந்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, வாரத்தில் எத்தனை கிலோமீட்டர் தார், எத்தனை கிலோமீட்டர் மண் என்பது. சேற்றில் எவ்வளவு நேரம் ஓடுவீர்கள், பாறையா களிமண்ணா, வண்டியில் எவ்வளவு பாரம், உங்களைத் தவிர வேறு யார் ஓட்டுகிறார்கள் என்றெல்லாம் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான், "நான்தான். ஞாயித்துக்கிழமை அவரு," என்றேன். ஆட்டோ லாக்கரைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச் லாக் போடுவது, அதுவும் பின் அச்சுக்கு மட்டும் போடுவது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. முன்னால் போட்டால், பூட்டியிருக்கும்போது ஸ்டியரிங் திரும்பாது. என் வேலைக்கு அது தேவையும் இல்லை.

காற்றா, மின்சாரமா என்பதில்தான் தகராறு. அவர் மின்சாரம் போடச் சொன்னார்.

"ட்யூபு கிடையாது, கம்ப்ரசர் கிடையாது. முள்ளு கிழிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஒயரு இழுத்தா முடிஞ்சுது."

"கெட்டுப்போனா எங்க கெடும்?"

யோசித்தார். "ஒயர்ல கெடும். இல்லன்னா உள்ள இருக்கற காந்தச் சுருள், அந்தக் காயில்ல."

"உள்ளன்னா, அச்சைப் பிரிக்கணும். பார்ட்டு வர வரைக்கும் வண்டி நிக்கும். காத்துல?"

"முக்கால்வாசி வெளியதான் கெடும். ட்யூபு, கம்ப்ரசர், வால்வு. உள்ள ஒரு சீல் இருக்கு, அது எப்பவாவது போகும்."

"எலி ஒயர கடிச்சு ரெண்டு தடவை உங்ககிட்ட வந்திருக்கேன். கம்ப்ரசர் இருந்தா டயர்ல காத்தக் கம்மி பண்ணிட்டுச் சேத்துல போய், வெளிய வந்து நானே அடிச்சுக்கலாம். இப்ப பங்க்சர் கடையத் தேடி அலையறேன்."

"கம்ப்ரசருக்கும் ஒயர் போவும்மா. அதையும் எலி கடிக்கும்."

"அது பானெட்டுக்குள்ள. கண்ணுக்குத் தெரியும், நானே டேப் சுத்திக்குவேன்."

அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. "நான்னா மின்சாரந்தான் போடுவேன். வண்டி உங்களுது," என்றார். அந்த வார்த்தையைக் கேட்கத்தான் இத்தனை நாள் அலைந்தேன் என்று தோன்றியது. காற்று லாக் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சாமான் வர இரண்டு வாரம் ஆனது. மாட்டுகிற இரண்டு நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். காற்றுக் குழாயை அச்சுக்கு மேல்பக்கமாக, முள் படாதபடி இரும்புக் குழாய்க்குள் விடச் சொன்னேன். ஸ்விட்சை, கையுறையோடு தொட்டாலும் தெரிகிற இடத்தில், தப்பித் தவறிக் கை பட்டுப் போட்டுவிடாதபடி மூடியோடு வைக்கச் சொன்னேன். பூட்டினால் எரிகிற சிவப்பு விளக்கு ஒன்றும் சேர்த்தோம். இவர் இரண்டு தடவை போன் செய்து என்ன பிராண்டு என்று கேட்டார். வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றேன்.

முதல் வாரமே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கரும்புத் தோட்டம் ஒன்றில் பூட்டிக்கொண்டு போய், வெளியே வந்ததும் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் திருப்பினேன். வண்டி நேராகப் போய்ப் பக்கத்து மல்லிகைத் தோட்டத்து வேலியை மூன்று முழம் பிய்த்துவிட்டது. தோட்டக்காரர் ஓடி வந்தார். "என் தப்புதாங்க," என்று உடனே சொன்னேன். கம்பியை இருவரும் சேர்ந்து கட்டினோம். என்மேலேயே எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்பதையும் கவனித்தேன். அதைச் சொல்ல முடியாமல் எங்கள் வீட்டில் ஒருவர் ஒரு மாதமாக டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மார்கழியில் ஒரு நாள் எருமைக்கு வயிறு உப்பிவிட்டது என்று ஏரிக்குள் பட்டி போட்டிருந்தவர் அழைத்தார். ஏரி மண் உழுத களிமண் போலக் கிடந்தது. டயரில் காற்றை இறக்கினேன், ஸ்விட்சைப் போட்டேன். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியபோது மற்றது பிடித்துத் தள்ளியது. வண்டி முனகிக்கொண்டே ஏறி வந்தது. இருபது நிமிஷத்தில் பட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். எருமை நின்றுகொண்டு வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. காலையிலேயே தானாகச் சரியாகிவிட்டதாம்.

"போன் பண்ணிச் சொல்லக் கூடாதா?"

"சார்ஜ் இல்லம்மா போன்ல."

நன்றாகத் திட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே நின்றார். எருமையின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, காற்றை அடித்துக்கொண்டு வந்தேன். கம்ப்ரசர் தடதடவென்று ஓடிய அந்தப் பத்து நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவர் இன்னும் அந்தத் தப்பைச் சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்ப்பதை நான் விட்டுவிட்டேன், கோபத்தை விடவில்லை. இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு நாற்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. இப்போது சாவியைக் கேட்டு வாங்குகிறார். இரண்டு ஞாயிறு, வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். பொய் என்று தெரிந்தும் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது ஞாயிறு கொடுத்தேன்.

"திரும்பும்போது லாக்க எடுத்துடுங்க. விளக்கு அணைஞ்சுதான்னு பாத்துட்டுத் திரும்புங்க."

"சரி."

"மலைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க."

"போகல."

போய்விட்டு மதியத்துக்குள் திரும்பி வந்தார். வண்டியைக் கழுவி நிறுத்தினார். அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் படுத்து, காற்றுக் குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்தேன்.